தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும் பிள்ளைகளுக்கு

மாடியில் தோட்டம் போடக் கிளம்பும் பிள்ளைகள் முதலில் கேட்பது உரத்தைப் பற்றி. அடுத்தது பூச்சி மருந்து. தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. குழாயைத் திறந்தால் வருகிறது, அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைப்பு. நான் பார்த்தவரை சென்னை மொட்டை மாடிகளில் புழு தின்று செத்த செடிகளைவிடப் பாசத்தோடு ஊற்றி ஊற்றியே சாகடிக்கப்பட்ட செடிகள்தான் அதிகம். ஆகவே உரத்தையும் மருந்தையும் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே போவதும் வெளியே போவதும் மட்டும்தான் இங்கே பேச்சு.

1. தரை வேறு, தொட்டி வேறு. இது புரியாமல் மற்ற எதுவும் புரியாது.

தரையில் ஊற்றும் தண்ணீரைக் கீழே இருக்கும் மண் இழுத்துக்கொண்டே போகும். தொட்டிக்கு அடியில் மண் கிடையாது, இழுக்க ஆளில்லை. அடியில் பெரிய ஓட்டையே இருந்தாலும் வடிய வேண்டியது வடிந்தபின் கடைசி ஓரிரு அங்குல மண் நீர் கோத்தபடியேதான் நிற்கும். மண்ணின் நுண்துளைகள் அந்த நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் காற்று இல்லை. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் தண்ணீருக்குள் பரவும். நீர் தேங்கிய மண்ணில் வேர் முதலில் மூச்சு முட்டிச் சோரும். பித்தியம், ஃபைட்டோப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் அதற்குப் பிறகுதான் வந்து வேலையை முடிக்கும். நாம் கிருமியைக் குற்றம் சொல்லி மருந்து வாங்க ஓடுவோம்.

நம்பாதவர்கள் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்து நன்றாக நனையுங்கள். அதைப் படுக்கை வாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். சொட்டிச் சொட்டி நின்றுவிடும். நின்றபின், பிழியாமல் அப்படியே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். ஸ்பாஞ்ச் அதேதான், உயரம் மட்டும் கூடியிருக்கிறது. தொட்டியிலும் இதேதான் நடக்கிறது. அதே மண் கலவையை அகலத் தட்டில் போட்டால் சொதசொதவென்று கிடக்கும். உயரமான தொட்டியில் போட்டால் மேற்பாதி காற்றோட்டமாக இருக்கும். கீரைக்குத் தட்டுத் தொட்டி வைத்திருப்பவர்கள் கத்தரித் தொட்டிக்கு ஊற்றுகிற கணக்கில் அதற்கும் ஊற்றக் கூடாது என்பது இதனால்தான்.

2. அடியில் ஜல்லி, செங்கல் துண்டு எல்லாம் கொட்டாதீர்கள். தாத்தா காலத்துப் பழக்கம், எனக்குத் தெரியும். கேட்டால் சண்டைக்கு வருவீர்கள் என்பதும் தெரியும். நைசான மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குள் தண்ணீர் சுலபமாக இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க ஊறித் தாங்க முடியாமல் போனபிறகுதான் இறங்கும். முன்பு தொட்டியின் அடிமட்டத்தில் இருந்த சேற்றுப் பகுதி, ஜல்லி போட்டபின் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு ஏறி உட்காரும். வேருக்கு மிஞ்சுகிற நல்ல மண் குறைந்ததுதான் லாபம். ஓட்டையின் மேல் ஓர் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைப்பது வேறு விஷயம். அது மண் வெளியே போகாமல் தடுக்க. அதைத் தாராளமாகச் செய்யுங்கள். ஓட்டாஞ்சில்லு கிடைக்காத அடுக்குமாடி வீடுகளில் ஒரு பிடி தேங்காய் நார் போதும், அல்லது பழைய கொசுவலைத் துண்டு.

3. ஓட்டையை நீங்களே பாருங்கள். கடைக்காரர் பார்த்திருப்பார் என்று நம்ப வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டிகள் பலவற்றில் ஓட்டைக்கான அச்சு மட்டும் இருக்கும், திறந்திருக்காது. ஆணியைச் சுட வைத்துக் குத்த வேண்டும். பெயின்ட் வாளியில் செடி வைப்பவர்கள் அடியில் ஐந்தாறு, பக்கச் சுவரில் தரையை ஒட்டி நான்கு என்று போடுங்கள். தொட்டி தரையில் அழுந்தி உட்கார்ந்தாலும் பக்கத்து ஓட்டை வேலை செய்யும். வெளியே ஓட்டையில்லாத பீங்கான் ஜாடிதான் அழகாக இருக்கிறது என்றால், செடியை ஓட்டையுள்ள சின்னத் தொட்டியில் வைத்து அதை ஜாடிக்குள் இறக்குங்கள். ஊற்றும்போது வெளியே எடுங்கள். எடுக்கச் சோம்பலாக இருந்தால் ஜாடியில் பிளாஸ்டிக் பூ வையுங்கள்.

4. தொட்டியை நேரடியாகத் தளத்தில் வைக்காதீர்கள். இரண்டு செங்கல், அல்லது இரும்பு ஸ்டாண்டு. அடியில் காற்று போகும், ஓட்டை அடைபடாது, வேர் தளத்து வெடிப்புக்குள் நுழையாது. மாடியில் தண்ணீர் ஓடும் சரிவு எந்தப் பக்கம், மழைநீர் இறங்கும் குழாய் வாய் எங்கே என்று ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டிகளை வரிசைப்படுத்த வேண்டும். அந்த வாயருகே தொட்டி கூடாது. 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் அந்தக் குழாய் பல வீடுகளில் சேகரிப்புத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகிறது. உங்கள் செடியின் சேறும் சருகும் அதற்குள் போய் அடைக்கும்.

எடையையும் நினைவில் வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இருபது லிட்டர் கொள்ளும் பை வெறும் மண்ணால் நிரம்பி நனைந்திருந்தால் முப்பது கிலோவை நெருங்கிவிடும். சுவரோரமாகவும் உத்தரம் போகும் வழியாகவும் அடுக்குங்கள். நடுத்தளத்தில் குவிக்க வேண்டாம்.

5. மண் கலவையில்தான் பாதி வடிகால் இருக்கிறது. செம்மண், கோகோபீட், மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ, மூன்றும் சம பங்கு. தொடக்கத்துக்கு இதற்குமேல் யோசிக்க வேண்டாம். களிமண் மட்டும் கிடைக்கிற இடத்தில் அதைத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். தரையில் பொன்னாக விளைகிற அதே மண் தொட்டிக்குள் செங்கல்லாகிவிடும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. எம் சாண்ட் போடுவதானால் மாவு போன்ற தூளைச் சலித்து எறிந்துவிட்டுக் கரகரப்பானதை மட்டும் எடுங்கள். தூள் போய்த் துளைகளை அடைக்கும்.

கோகோபீட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டியாக வாங்கி ஊற வைத்தால் பலகாரம் போல உப்புகிறதே என்று மகிழ்ந்து அப்படியே போட்டுவிடுகிறார்கள். தென்னை நாரில் இயல்பாகவே உப்பு உண்டு. ஊறிய தண்ணீர் கருந்தேநீர் நிறத்தில் இருக்கும். பிழிந்து கொட்டிவிட்டு, நிறம் வெளிறும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். கோகோபீட்டின் இன்னொரு குணம், மேலே வெளிறிக் காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் குளம் கட்டி இருக்கும். கண்ணை நம்பி ஊற்றினால் ஏமாறுவீர்கள். அதுவே ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தொட்டியின் சுவரை விட்டுச் சுருங்கிக்கொள்ளும். அதன்பின் ஊற்றும் தண்ணீர் சந்து வழியாக ஓடி அடியில் கொட்டிவிடும், செடி குடித்தது ஒரு சொட்டும் இருக்காது. தண்ணீர் உடனே வெளியே வந்தது, ஆகவே நன்றாக நனைந்துவிட்டது என்று எண்ணுவது இங்கேதான் ஆபத்து. அப்படிப்பட்ட தொட்டியை ஒரு வாளித் தண்ணீருக்குள் பாதி அமிழ வைத்து, மேல்மண் தானாக நனையும்வரை விடுங்கள். பிறகு எடுத்து வடிய விடுங்கள்.

வருடம் ஒன்று போனால் கோகோபீட் மக்கிக் கூழாகும். வடிகால் மெல்ல மெல்லக் கெடும். ஆடிப்பட்டத்துக்கு முன் கொட்டிக் கிளறிப் புதிதாகக் கொஞ்சம் சேர்த்துவிட்டால் ஐப்பசி மழைக்குத் தொட்டி தயாராக இருக்கும்.

6. நர்சரியிலிருந்து வரும் ரோஜாவைக் கவனியுங்கள். கறுப்புக் கவருக்குள் இறுக்கமான சிவப்பு மண்ணுருண்டையோடு வரும். அதை அப்படியே நம்முடைய பொலபொலக் கலவைக்குள் வைத்தால் தண்ணீர் சுற்றியுள்ள கலவைக்குள் போகுமே தவிர, உருண்டைக்குள் போகாது. சுற்றிலும் ஈரம், நடுவில் வேர் காய்கிறது. நடுவதற்கு முன் உருண்டையை வாளியில் ஊற வைத்து, ஓரத்து மண்ணைப் பாதியளவு விரலால் உதிர்த்துவிட்டு நடுங்கள். ஒரேயடியாக உதிர்த்தால் வேர் அறும்.

7. சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி கூடாது. வளர்ந்து நிரப்பட்டும் என்று வாங்கிவிடுகிறோம். குடிக்க வேர் இல்லாத மண்ணில் ஈரம் வாரக்கணக்கில் கிடந்து புளிக்கும். இருந்த தொட்டியைவிட இரண்டு அங்குலம் அகலமானது போதும்.

8. எப்போது ஊற்றுவது? இதற்குக் கடிகாரம் பதில் சொல்லாது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று எழுதி ஒட்டிவைப்பதில் அர்த்தம் இல்லை. அதே தக்காளி தை மாதத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை குடிக்கும், அக்னி நட்சத்திரத்தில் காலையும் மாலையும் கேட்கும். விரலை இரண்டாம் கணுவரை மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் திரும்பி வந்துவிடுங்கள். நகத்தில் அழுக்குப் படக் கூடாதவர்களுக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி. அடிவரை செருகி ஒரு நிமிடம் விட்டு உருவினால் மண் ஒட்டி ஈரமாக வரும், அல்லது சுத்தமாக வரும். எல்லாவற்றையும்விட நம்பகமானது எடை. நன்றாக ஊற்றி வடிந்தபின் தொட்டியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள், காய்ந்தபின் இன்னொருமுறை. கொஞ்ச நாளில் கை பழகிவிடும். பெரிய தொட்டியைத் தூக்க வேண்டாம், ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாலே தெரியும். முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்தொட்டி சுவர் வழியாகவும் ஈரத்தை விடும், சீக்கிரம் காயும். புது மண்தொட்டியை நடுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறப் போட வேண்டும், இல்லாவிட்டால் செடிக்கு ஊற்றுவதை அதுவே குடிக்கும். பிளாஸ்டிக்கும் குரோ பேக்கும் நேர்மாறு. மூன்று வகையும் கலந்து வைத்திருப்பவர்கள் ஒரே சுற்றில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஊற்றிவிட்டுப் போவதுதான் வழக்கமாக நடக்கிறது.

9. ஊற்றினால் நிறைய ஊற்றுங்கள், பிறகு காத்திருங்கள். தினமும் ஒரு குவளை தெளிப்பது பாசம் காட்டுகிற வேலை, செடி வளர்க்கிற வேலை அல்ல. மேல் அங்குலம் மட்டும் நனையும், வேரும் அந்த ஈரத்துக்காக மேலேயே சுற்றும், ஒருநாள் வெயிலில் கருகும். தண்ணீரில் உள்ள உப்பும் கழுவிப் போக வழியின்றித் தங்கும். தொட்டியின் விளிம்பில் இரண்டு அங்குலம் காலியாக விட்டிருந்தால் அதை நிரப்பி, உள்ளே இறங்கியபின் இன்னொருமுறை நிரப்பி, அடியில் கொஞ்சம் வடிந்ததும் நிறுத்துங்கள். குழாயை விரலால் அழுத்திப் பீய்ச்சினால் மண் குழிந்து வேர் வெளியே வரும். பூவாளி வாங்கிக்கொள்ளுங்கள். நாற்றுத் தட்டுக்குப் பூவாளிகூட அதிகம். தட்டை ஆழமில்லாத தண்ணீரில் வைத்து அடியிலிருந்து நனைய விட்டு, நனைந்ததும் எடுத்துவிடுங்கள். முளைத்த வாரத்தில் தண்டு தரையோடு ஒடிந்து விழுவது நாற்றழுகல், பெரும்பாலும் ஈரம் மிஞ்சியதால் வருவது.

தக்காளிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. காய விட்டு, பிறகு மொத்தமாக ஊற்றினால் பழம் வெடிக்கும். காயின் அடிப்பக்கம் கறுத்துத் தோலாகிப் போவதும் இதன் பங்காளிதான். மண்ணில் கால்சியம் இருந்தாலும் தண்ணீர் சீராக ஏறாவிட்டால் அது காய்க்குப் போய்ச் சேராது. கடையில் கால்சியம் வாங்குமுன் தண்ணீரைச் சீராக்குங்கள்.

10. விடியலில் ஊற்றுவது நல்லது. மே மாதத்தில் சாயங்காலமும் ஊற்றலாம், இலையில் படாமல். மத்தியானம் ஊற்றினால் இலை கருகிவிடும் என்பது பெரிதுபடுத்திய பயம். உண்மையான பயம் குழாயில் இருக்கிறது. மாடித் தொட்டியிலிருந்து வெயிலில் கிடக்கும் ஓஸ் வழியாக முதலில் வருவது வெந்நீர். அதை ஒரு வாளியில் பிடித்து ஆற வைத்துவிட்டு, கையில் பட்டால் குளிர்ந்து வரும் தண்ணீரை ஊற்றுங்கள்.

11. எந்தத் தண்ணீர்? மழைநீருக்கு ஈடு எதுவும் கிடையாது. மெட்ரோ வாட்டர் சரி. போர் தண்ணீர் பல பேட்டைகளில் உப்பு. மண்மேல் வெள்ளைப் பொடி படிவது, இலை நுனி பழுப்பாகிக் காய்வது இரண்டும் அதன் அடையாளம். அப்படியிருந்தால் அவ்வப்போது நல்ல தண்ணீரை வழக்கத்தைவிட இரண்டு பங்கு ஊற்றி உப்பை அடிவழியாகக் கழுவி வெளியேற்றுங்கள். வடிகால் சரியில்லாத தொட்டியில் இதைச் செய்ய முடியாது என்பதையும் கவனியுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருக்கும். வீணாகிறதே என்று தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள், மாடி கழுவுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்த நீர், உப்பு ஏறக்குறைய இல்லை. போர் தண்ணீரோடு கலந்து பூச்செடிகளுக்கு ஊற்றலாம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்ட 2019 கோடையில் பல மாடிகளில் செடிகள் பிழைத்தது அரிசி களைந்த தண்ணீராலும் காய்கறி கழுவிய தண்ணீராலும்தான். சோப்பு கலக்காத எதுவும் உதவும். மூடாக்கு அதைவிட உதவும். காய்ந்த இலையோ கரும்புச் சோகையோ இரண்டு அங்குலம் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல்.

12. வாடிய செடியைப் பார்த்ததும் வாளியைத் தூக்காதீர்கள். முதலில் விரல். மண் காய்ந்திருந்தால் தாகம், ஊற்றுங்கள். மண் ஈரமாக இருந்து செடி தொங்கினால் இரண்டில் ஒன்று. பூசணி, புடலை மாதிரிப் பெரிய இலைக்காரர்கள் மத்தியானம் இரண்டு மணிக்குத் துவண்டு, வெயில் தாழ்ந்ததும் நிமிர்வார்கள். அது அவர்கள் வழக்கம், விட்டுவிடுங்கள். மாலையிலும் நிமிரவில்லை, கீழ் இலை மஞ்சளாகி உதிர்கிறது, மண்ணை முகர்ந்தால் சாக்கடை வாடை என்றால் வேர் அழுகிக்கொண்டிருக்கிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால்தான் தண்ணீருக்குள் நின்றுகொண்டே வாடுகிறது. இந்த நேரத்தில் இன்னும் ஒரு குவளை ஊற்றுவது கருமாதிக்கு நாள் குறிப்பது.

நிழலுக்கு நகர்த்துங்கள். தொட்டியை ஒரு செங்கல்மேல் சாய்த்து வையுங்கள். ஸ்பாஞ்சைத் திருப்பியபோது நடந்தது இங்கேயும் நடக்கும், தேங்கியது இன்னும் கொஞ்சம் இறங்கும். பருத்தித் துணித் திரி ஒன்றை ஓட்டை வழியாக மண்ணுக்குள் செருகிக் கீழே தொங்கவிட்டால் அதுவும் இழுக்கும். உரம் ஒரு பிடிகூடக் கூடாது. இரண்டு நாளில் தேறவில்லை என்றால் செடியை வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக உறுதியாக இருப்பது நல்லது. பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து நூல் மட்டும் மிஞ்சுவது செத்தது. செத்ததை வெட்டிவிட்டு, மேலே கிளையையும் குறைத்து, சின்னத் தொட்டியில் புதுக் கலவையில் வையுங்கள். கறிவேப்பிலையும் முருங்கையும் இப்படி அடிக்கடி மாட்டும். சேம்பும் கல்வாழையும் வல்லாரையும் ஈரத்தில் நின்று சிரிக்கும், அவற்றைப் பார்த்து மற்றவற்றை எடைபோட வேண்டாம்.

13. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் ஊற்றி அரைமணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். வடிந்ததை மண் மறுபடி உறிஞ்சிச் சேறாவது ஒருபுறம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும்வரை ஒரு வாரம் பத்து நாள்தான் எடுத்துக்கொள்ளும் என்பது மறுபுறம். அதன் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கவிழ்த்தால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவுங்கள்.

14. வடகிழக்குப் பருவமழைதான் பரீட்சை. சென்னைக்கு வருடத்தில் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வோர் ஓட்டையிலும் கம்பி விட்டுப் பாருங்கள். மூடாக்கை விலக்குங்கள். சொட்டுநீர்க் குழாய்க்கு டைமர் போட்டிருப்பவர்கள் அதை அணைக்க நினைவு வையுங்கள், கொட்டும் மழையில் சொட்டுநீர் ஓடும் மாடிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடீனியம், கற்றாழை, கள்ளி எல்லாம் சன்ஷேடுக்கு அடியில். 2015 டிசம்பர் மாதிரி விடாமல் கொட்டினால் எந்தக் கலவையும் தாங்காது. அப்போது தொட்டிகளைப் படுக்கப் போட்டுவிடுங்கள், செடி இரண்டு நாள் படுத்துக் கிடந்தால் ஒன்றும் ஆகாது. மழை விட்டபின் இலை வெளிறும். தழைச்சத்து கழுவிக்கொண்டு போயிருக்கும். மண் சற்று உலர்ந்தபின் ஒரு பிடி மண்புழு உரம்.

15. ஊருக்குப் போவதானால் தொட்டிகளை எல்லாம் நிழலான மூலையில் நெருக்கி வையுங்கள், நன்றாக ஊற்றி வடியவிட்டு மூடாக்குப் போடுங்கள். நாலைந்து நாள் ஓடிவிடும். அதற்குமேல் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், பயமும் அதிகம். தங்கள் பொறுப்பில் ஒன்று செத்துவிட்டால் என்ன செய்வது என்று காலையும் மாலையும் வாளியோடு வருவார்கள். எந்தத் தொட்டிக்கு எத்தனை குவளை, எந்த நாளில் என்று சீட்டில் எழுதித் தொட்டியிலேயே ஒட்டுங்கள். கற்றாழையையும் அடீனியத்தையும் அவர்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் எடுத்து வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.